வெளிநாட்டுல இருக்கறவருக்கு நேரடியா பழைய கார் விக்கறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டீலர், புரோக்கர்னு யாரும் நடுவுல இல்லாம பழைய காரை வேற நாட்டுக்காரருக்கு விக்கப் போறோம்னா எல்லாருக்கும் முதல்ல வர்ற பயம் பணம் வருமாங்கறதுதான். நியாயமான பயம். ஆனா அதே அளவுக்கு இன்னொன்னையும் பாக்கணும், நிறைய பேர் அதை விட்டுடறாங்க: வண்டி எல்லை தாண்டிப் போன பிறகும் பதிவுல உங்க பேர் இருந்துச்சுன்னா அந்த வண்டிக்கு நடக்கற எல்லாத்துக்கும் முதல் கேள்வி உங்களைத்தான் கேப்பாங்க. பணம் உறுதியா உள்ள வரணும், உங்க பேர் வெளிய போகணும், ரெண்டும் முடிஞ்சாத்தான் வித்தாச்சுன்னு அர்த்தம்.

வெளிநாட்டுல இருந்து கேக்கறவங்க எல்லாருமே ஏமாத்துக்காரங்களா?

இல்லவே இல்ல. ஒரு நாட்டுல மதிப்பு இறங்கிப் போன மாடலுக்கு இன்னொரு நாட்டுல நல்ல டிமாண்ட் இருக்கும், எலக்ட்ரானிக்ஸ் கம்மியா இருக்கற பழைய டீசல் வண்டிய தேடித் தேடி வாங்கற ஊர்கள் இருக்கு, சிலர் கலெக்ஷனுக்காக வாங்கறாங்க. உண்மையா வாங்க வர்றவர் வண்டியப் பத்தி நோண்டி நோண்டி கேப்பாரு. முதல் பதிவு எந்த வருஷம் எந்த மாசம், ஸ்டியரிங் எந்தப் பக்கம், எமிஷன் தரம் என்ன, சேசிஸ் நம்பர் என்னன்னு கேப்பாரு, ஏன்னா அவர் நாட்டு இறக்குமதி விதி அப்படி. கென்யா 8 வருஷத்துக்கு மேல பழசான வண்டிய உள்ள விடாது. அமெரிக்கா அதுக்கு நேர் எதிர், அந்த நாட்டு பாதுகாப்பு தரத்துக்குன்னு செய்யாத வண்டின்னா 25 வருஷம் ஆகியிருந்தாத்தான் சுலபமா உள்ள போகும், கனடாவுல அது 15 வருஷம். ஒரு மாசம் முன்ன பின்ன ஆனாலும் அவர் பணம் மொத்தமா வீணாயிடும், அதனால இதெல்லாம் கேக்காம வாங்க மாட்டாரு.

இது எதுவுமே கேக்காம, விலையும் பேசாம, "வண்டி பிடிச்சிருக்கு, உங்க பேங்க் விவரம் அனுப்புங்க, என் ஏஜென்ட் வந்து எடுத்துக்குவாரு"ன்னு ரெண்டாவது மெசேஜ்லயே முடிக்கறவர்கிட்ட உஷாரா இருங்க. அவருக்கு வண்டி வேணாம்.

ஏமாத்து மெசேஜ் வேற எப்படி எல்லாம் இருக்கும்?

கப்பல்ல வேலை பாக்கறேன், எண்ணெய் கிணறுல இருக்கேன், ராணுவத்துல இருக்கேன் அதனால போன் பேச முடியாதுங்கற கதை ரொம்ப பழசு, இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. இன்னொன்னு, "வண்டியோட ஹிஸ்டரி ரிப்போர்ட் வேணும், ஆனா இந்த சைட்ல இருந்துதான் வேணும்"னு ஒரு லிங்க் அனுப்புவாங்க. அங்க நீங்க கார்டு நம்பரைப் போட்ட உடனே வேலை முடிஞ்சுது, வாங்கறவரும் காணாம போயிடுவாரு. ரிப்போர்ட் வேணும்னா சேசிஸ் நம்பரைக் கொடுத்துடுங்க, வாங்கறவரே எடுத்துக்கட்டும். (சேசிஸ் நம்பர்னா பெரும்பாலான வண்டில 17 எழுத்தும் எண்ணும் கலந்தது, ஐ, ஓ, கியூ மூணும் அதுல வரவே வராது, டைப் பண்ணும்போது ஒண்ணையும் சைபரையும் சரியா போடுங்க.)

அப்புறம் அந்த ஓடிபி விஷயம். "நீங்க உண்மையான ஆளான்னு பாக்கணும், உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்க"ன்னு கேட்டா சொல்லாதீங்க. அது உங்க ஏதோ ஒரு அக்கவுண்ட்டோட சாவி.

செக் அனுப்பியிருக்காங்க, பேசுன விலையை விட கூடவே இருக்கு. மீதிய ஷிப்பிங் ஆளுக்கு அனுப்பச் சொல்றாங்க. அனுப்பலாமா?

அனுப்பவே கூடாது. இது எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுகிட்டா போதும், எந்த வேஷத்துல வந்தாலும் கண்டுபிடிச்சிடலாம். நீங்க செக்கை போட்டதும் பேங்க் உங்க அக்கவுண்ட்ல தொகைய காட்டிடும், சில இடத்துல எடுக்கவும் விடும், ஆனா அந்த செக்கைக் கொடுத்த வெளிநாட்டு பேங்க் இன்னும் அதைப் பாத்திருக்கவே இல்ல. அந்தப் பக்கம் போயி பொய் செக்குன்னு தெரிஞ்சு திரும்பி வர வாரக்கணக்குல ஆகலாம். அதுக்குள்ள நீங்க "மீதி"ன்னு நினைச்சு அனுப்பினது உங்க சொந்தப் பணம், அது கைய விட்டுப் போயிருக்கும், பேங்க் செக் தொகையையும் உங்ககிட்ட இருந்து திரும்ப எடுத்துக்கும். பேங்க் டிராஃப்ட், கேஷியர் செக்னு வந்தாலும் அதே கதைதான், அதையும் போலியா அடிக்கறாங்க.

உண்மையா வாங்கறவருக்கு கூடுதலா அனுப்ப ஒரு காரணமும் இல்ல. ஷிப்பிங் கம்பெனிக்கு அவரே நேரா கட்டிக்கலாம்.

அப்ப பணத்தை எப்படித்தான் வாங்கறது?

உங்க அக்கவுண்ட்டுக்கு பேங்க் டிரான்ஸ்ஃபர், முழுத் தொகையும், உங்க நாட்டுப் பணத்துல, வண்டியும் பேப்பரும் சாவியும் கைமாறறதுக்கு முன்னாடி. இதுல எந்தப் பகுதியையும் விட்டுக் கொடுக்காதீங்க. முடிஞ்சா வாங்கறவர் நேர்ல வந்து, வேலை நாள்ல பேங்க் திறந்திருக்கற நேரத்துல, உங்க பேங்க் கிளையிலயே உக்காந்து முடிக்கறது நல்லது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேங்க் மூடின பிறகு, நீண்ட லீவுக்கு முந்தின நாள் ராத்திரின்னு வர்றவங்ககிட்ட "திங்கக்கிழமை பாக்கலாம்"னு சொல்லுங்க. உண்மையான ஆள் முணுமுணுப்பாரு ஆனா வருவாரு.

யூரோ நாடுகளுக்குள்ளன்னா இப்ப ரொம்ப வசதி. உடனடி டிரான்ஸ்ஃபர் 10 செகண்ட்ல வந்துடும், 2025 அக்டோபர்ல இருந்து அங்க பேங்க் எல்லாம் அந்த வசதியை கொடுத்தே ஆகணும், பணம் அனுப்பறதுக்கு முன்னாடி அக்கவுண்ட் நம்பரும் பேரும் ஒத்துப் போகுதான்னு காட்டவும் செய்யணும். அதனால ரெண்டு பேரும் எதிர் எதிர்ல நின்னுகிட்டே முடிச்சுக்கலாம், சிலர் அக்கவுண்ட்ல ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு லிமிட் இருக்கும், அதை முன்கூட்டியே ஏத்தி வச்சுக்க சொல்லுங்க.

தூர நாட்டுல இருந்து ஸ்விஃப்ட் (நாடு விட்டு நாடு பணம் அனுப்ப பேங்குகள் பயன்படுத்தற மெசேஜ் நெட்வொர்க்) வழியா வருதுன்னா ஒண்ணு பேசி வச்சுக்கணும்: சார்ஜ் யாரோடது. பாரத்துல அனுப்பறவர் "ஓயூஆர்"னு போட்டா எல்லா சார்ஜும் அவருக்கு, "எஸ்ஹெச்ஏ"ன்னு போட்டா அவங்கவங்க பேங்க் சார்ஜ் அவங்கவங்களுக்கு, நடுவுல இருக்கற பேங்குகளும் கொஞ்சம் கொஞ்சம் பிடிச்சுக்கும், "பிஇஎன்"னா எல்லாம் உங்க தலையில. முழுத் தொகை வந்து சேர்ந்தாத்தான் வண்டின்னு முன்னாடியே எழுதிக்கிட்டா அப்புறம் சண்டை வராது.

ஸ்விஃப்ட் காப்பி அனுப்பிட்டாரு, "பணம் கிளம்பிடுச்சு, வண்டிய கொடுங்க"ங்கறாரு...

எம்டி103ன்னு ஒரு பேப்பர் காட்டுவாங்க, ஸ்விஃப்ட்ல பணம் அனுப்பினதுக்கு 2025 வரைக்கும் இருந்த மெசேஜ் வடிவம் அது. உண்மையாவே இருந்தாலும் அது அனுப்பச் சொன்னதுக்குத்தான் ஆதாரம், உங்களுக்கு வந்ததுக்கு இல்ல. போலியா செய்யறதும் சுலபம். ஸ்க்ரீன்ஷாட், பிடிஎஃப், "உங்க அக்கவுண்ட்டுக்கு பணம் காத்திருக்கு, வண்டி அனுப்பின ரசீது காட்டினா விடுவிப்போம்"னு பேங்க் பேர்ல வர்ற மெயில், எதையும் கணக்குல எடுத்துக்காதீங்க. எந்த பேங்கும் அப்படி பணத்தைப் பிடிச்சு வைக்காது. நீங்களே உங்க ஆப்ல லாகின் பண்ணிப் பாருங்க, பெரிய தொகைங்கறதால பேங்குக்கு போன் போட்டு "இது கிளியர் ஆன பணமா, திரும்பப் போக வாய்ப்பு இருக்கா"ன்னு கேளுங்க. போன் நம்பரும் உங்க கார்டு பின்னாடி இருக்கற நம்பரா இருக்கட்டும், அவங்க மெயில்ல கொடுத்த நம்பர் வேணாம்.

முழுசா கேஷா தர்றேங்கறாரு. வாங்கலாமா?

உங்க நாட்டு சட்டம் அவ்வளவு கேஷை விட்டா வாங்கலாம், ஆனா பேங்க் கவுண்டர்ல. அங்கயே எண்ணி, கள்ள நோட்டு இல்லன்னு மெஷின்ல பாத்து, அங்கயே அக்கவுண்ட்ல போட்டு ரசீது வாங்கின பிறகு கையெழுத்து. பார்க்கிங்ல, ஓட்டல் ரூம்ல வேணாம். பேங்குக்கு முதல் நாளே சொல்லிடுங்க, கேஷ் எடுத்துக்கறாங்களா, என்ன பேப்பர் கேப்பாங்கன்னு. எங்க இருந்து வந்த பணம்னு கண்டிப்பா கேப்பாங்க, விற்பனை ஒப்பந்தம் கையில இருக்கட்டும். வாங்கறவரும் ஒண்ணு தெரிஞ்சுக்கணும்: ஐரோப்பிய யூனியனுக்குள்ள வரும்போதும் போகும்போதும் 10,000 யூரோ அல்லது அதுக்கு மேல கேஷ் வச்சிருந்தா கஸ்டம்ஸ்ல சொல்லணும், அமெரிக்காவுல 10,000 டாலருக்கு மேலன்னா சொல்லணும். அவர் சொல்லாம வந்து மாட்டினா உங்க விற்பனையும் நிக்கும்.

பேபால், கிரெடிட் கார்டு?

வேணாம். அனுப்பினவர் பிறகு புகார் கொடுத்து பணத்தைத் திரும்ப இழுக்க வழி இருக்கற எந்த முறையும் காருக்கு சரிப்படாது.

எஸ்க்ரோ வழியா செய்யலாம்ங்கறாங்க, அது பாதுகாப்புதானே?

நடுவுல ஒருத்தர் பணத்தைப் பிடிச்சு வச்சு, ரெண்டு பக்கமும் சரின்னதும் விடுவிக்கறது நல்ல ஏற்பாடுதான். சிக்கல் என்னன்னா வாங்கறவர் லிங்க் அனுப்பற "எஸ்க்ரோ கம்பெனி" பல சமயம் ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஆரம்பிச்ச போலி சைட்டா இருக்கும், உண்மையான கம்பெனியோட பேரையும் லோகோவையும் அப்படியே போட்டிருப்பாங்க. கம்பெனிய நீங்க தேர்ந்தெடுங்க, உங்க நாட்டு நிதித்துறை கண்காணிப்பு அமைப்போட பதிவுல அது இருக்கான்னு பாருங்க, முகவரிய நீங்களே டைப் பண்ணிப் போங்க. வாங்கறவர் "இல்ல என் கம்பெனியிலதான்"னு பிடிவாதம் பிடிச்சா அதுவே பதில். வக்கீல் இல்லன்னா நோட்டரி வழியா இதே ஏற்பாட்டைச் செய்யற நாடுகளும் இருக்கு, விலை உயர்ந்த வண்டின்னா அந்தச் செலவு தகும்.

பணம் வந்துடுச்சு, ஆனா அனுப்பினவர் பேர் வேறயா இருக்கே?

இதை லேசா விடாதீங்க. அவரோட அண்ணன், கம்பெனி, பணம் மாத்தற ஆள்னு ஏதாவது சொல்லுவாங்க, உண்மையாவும் இருக்கலாம். ஆனா யாரோ ஒரு அப்பாவிகிட்ட இருந்து திருடின பணமாவும் இருக்கலாம், அப்ப போலீஸ் தேடி வர்றது உங்க அக்கவுண்ட்டை, பேங்க் அதை முடக்கும், வண்டியும் போயிருக்கும். ஒப்பந்தத்துல கையெழுத்து போடறவர் பேர்ல இருக்கற அக்கவுண்ட்ல இருந்துதான் பணம் வரணும்னு முதல்லயே சொல்லிடுங்க. வேற பேர்ல வந்தா உங்க பேங்க்ல பேசி வந்த வழியிலேயே திருப்பி அனுப்பச் சொல்லுங்க, நீங்களா புது டிரான்ஸ்ஃபர் போட்டு வேற அக்கவுண்ட்டுக்கு "திருப்பி" அனுப்பாதீங்க.

பாஸ்போர்ட் காப்பியும் வண்டி பேப்பர் போட்டோவும் முன்கூட்டியே கேக்கறாங்க.

நேர்ல காட்டலாம், அனுப்ப வேணாம். உங்க வண்டி பேப்பரையும் ஐடியையும் வச்சு அடுத்த ஆள்கிட்ட "இது என் கார்"னு உங்க பேர்லயே விளம்பரம் போட்டு அட்வான்ஸ் வாங்கறாங்க, அப்ப ஏமாந்தவர் தேடி வர்றது உங்க வீட்டுக்கு. ஏதாவது அனுப்பியே ஆகணும்னா பேப்பர் நம்பரையும் கையெழுத்தையும் மறைச்சுட்டு, நடுவுல குறுக்க "இன்ன தேதி, இன்ன காருக்காக மட்டும்"னு பெருசா எழுதி அனுப்புங்க. விளம்பர போட்டோவுலயும் நம்பர் பிளேட்டை மறைங்க.

ஆள் நேர்ல பாக்க வர்றாரு. என்ன கவனிக்கணும்?

தனியா இருக்காதீங்க, பகல்ல வரச் சொல்லுங்க. டெஸ்ட் டிரைவுக்கு முன்னாடி லைசன்சையும் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பாத்து போட்டோ எடுத்துக்குங்க, உங்க இன்ஷூரன்ஸ் வேற ஆள் ஓட்டினா செல்லுமான்னு முன்னாடியே கேட்டு வைங்க, நீங்களும் கூட உக்காருங்க. இறங்கி ஆளை மாத்தும்போது சாவிய கையில எடுத்துக்குங்க, ரெண்டாவது சாவிய வெளிய எடுத்தே வராதீங்க.

ரெண்டு மூணு பேரா வந்தா ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். ஒருத்தர் உங்களைப் பேச்சுல பிடிச்சு வண்டி பின்னாடி கூட்டிட்டு போவாரு, இன்னொருத்தர் பானெட்டைத் திறந்து கூலன்ட் டேங்க்ல கொஞ்சம் எண்ணெய் ஊத்திடுவாரு. அப்புறம் வண்டிய ஓட்டிப் பாத்து "ஹெட் கேஸ்கட் போயிடுச்சு, பாருங்க எண்ணெய் மிதக்குது"ன்னு காட்டி (இன்ஜின்ல எண்ணெயும் கூலன்ட்டும் கலக்காம தடுக்கற சீல் அது) பாதி விலைக்கு கேப்பாங்க. நல்ல வண்டி வச்சிருந்தவங்க பயந்து போயி கொடுத்திருக்காங்க. பானெட் திறந்திருக்கற வரைக்கும் அங்கயே நில்லுங்க. இப்படி திடீர்னு ஒரு கோளாறு முளைச்சா அன்னைக்கு விக்க வேணாம், உங்க மெக்கானிக்கிட்ட காட்டிட்டு பேசலாம்னு அனுப்பிடுங்க.

ஒப்பந்தத்துல என்ன எழுதணும்?

ரெண்டு பேரோட முழுப் பேர், முகவரி, பாஸ்போர்ட் நம்பர், சேசிஸ் நம்பர், ஓடின கிலோமீட்டர், விலை, எந்த நாட்டுப் பணம், எத்தனை சாவி எந்தெந்த பேப்பர் கொடுத்தீங்க. அப்புறம் நிறைய பேர் விட்டுடற ஒண்ணு: கைமாறின தேதி மட்டுமில்ல, மணி நிமிஷமும். அன்னைக்கே சாயங்காலம் அவர் எங்கயாவது இடிச்சாருன்னா அந்த நிமிஷக் கணக்குதான் உங்களைக் காப்பாத்தும்.

வண்டில இருக்கற குறை, பழைய ஆக்சிடென்ட் எல்லாத்தையும் எழுதுங்க. "இருக்கற நிலையில விக்கறேன், வாரன்டி இல்ல"ன்னு எழுதறது தனியா விக்கறவங்களுக்கு பெரும்பாலான நாட்டுல செல்லும், ஆனா தெரிஞ்சே மறைச்சதுக்கு எங்கயும் செல்லாது. வாங்கறவருக்கு உங்க மொழி தெரியலன்னா ரெண்டு மொழியில போடுங்க, எதாவது மாறுபட்டா எந்த மொழி செல்லும், எந்த நாட்டு சட்டம்னு ஒரு வரி சேருங்க. வாங்கறவருக்குப் பதிலா வேற ஆள் வந்தா அதிகாரப் பத்திரமும் ரெண்டு பேர் ஐடி காப்பியும் இல்லாம கையெழுத்து வாங்காதீங்க.

கஸ்டம்ஸ் வரி குறையணும், விலையக் குறைச்சு எழுதித் தாங்கன்னு கேக்கறாரே?

முடியாதுன்னு சொல்லிடுங்க. பொய் பில்லுல உங்க கையெழுத்து இருக்கும். அதோட பின்னாடி ஏதாவது வழக்கு வந்தா நீங்க வாங்கின பணமும் பேப்பர்ல இருக்கற பணமும் ஒத்துப் போகாது, பேங்குக்கும் என்ன பதில் சொல்லுவீங்க?

உங்க நம்பர் பிளேட்டோடவே ஓட்டிட்டு போறேன், ஊர் போயி பிளேட்டை அனுப்பறேன்ங்கறாரு.

இங்கதான் நல்ல மனசுக்காரங்க மாட்டறாங்க. பணம் வந்துடுச்சு, ஆளும் நல்லவராத் தெரியறாரு, பாவம் தூரம் போகணுமேன்னு விட்டுடறாங்க. அந்த பிளேட் ஓடற வரைக்கும் டோல், பார்க்கிங், ஸ்பீடு கேமரா எல்லாம் உங்க பேருக்கு, விபத்துன்னா உங்க இன்ஷூரன்ஸ் மேல, அந்த வண்டிய வச்சு ஏதாவது குற்றம் நடந்தா விசாரணையும் உங்க வீட்டு வாசல்ல.

வழி இருக்கு. ஜெர்மனில ஏற்றுமதிக்குன்னே தனி பிளேட் கொடுக்கறாங்க, ஓரத்துல சிவப்புப் பட்டையில காலாவதி தேதி இருக்கும், அதுக்கு தனி இன்ஷூரன்ஸ். பிரிட்டன்ல பதிவு பேப்பரான வி5சில நிரந்தர ஏற்றுமதிக்குன்னு ஒரு பகுதி இருக்கு, அது பதிவு அலுவலகத்துக்குப் போகணும். அமெரிக்காவுல இருந்து கப்பல்ல போற வண்டின்னா டைட்டில் (வண்டியோட உரிமைப் பத்திரம்) உட்பட பேப்பர் எல்லாம் குறைஞ்சது 72 மணி நேரத்துக்கு முன்னாடி கஸ்டம்ஸ் கைக்குப் போகணும். உங்க நாட்டுல என்ன முறைன்னு விளம்பரம் போடறதுக்கு முன்னாடியே பதிவு அலுவலகத்துல கேட்டுடுங்க. தற்காலிக பிளேட் கிடைக்கலன்னா வண்டிய டிரக்ல ஏத்திட்டு போகட்டும். இன்ஷூரன்ஸை மட்டும் அவசரப்பட்டு ரத்து பண்ணாதீங்க, பதிவுல பேர் போனதுக்கு ஆதாரம் கையில வந்த பிறகு, அந்தக் காப்பியோட இன்ஷூரன்ஸ்காரங்களுக்கு எழுதுங்க.

ஷிப்பிங் நான் பாத்துத் தரணுமா?

வேணாம். வண்டி நிக்கற இடத்துல விலை, அங்கேருந்து எல்லாம் வாங்கறவர் பொறுப்பு. வியாபாரத்துல இதை இஎக்ஸ்டபிள்யூன்னு சொல்லுவாங்க. சிஐஎஃப்னு கேட்டாருன்னா கப்பல் வாடகையும் இன்ஷூரன்ஸும் உங்க தலையிலன்னு அர்த்தம், தனியா ஒரு கார் விக்கறவருக்கு அது தேவையில்லாத சுமை. ஆனா ஏற்றுமதி டிக்ளரேஷன்ல ஏற்றுமதியாளர்னு யார் பேர் போகுதுன்னு கேளுங்க, முடிஞ்ச பிறகு அதோட காப்பியும் வேணும்னு ஒப்பந்தத்துலயே எழுதிக்குங்க.

கார் லோன் இன்னும் பாக்கி இருக்கு.

முதல்ல அடைச்சு, பாக்கி இல்லன்னு கடிதம் வாங்கி, பதிவுல இருந்து லோன் குறிப்பை எடுத்துட்டு அப்புறம் விளம்பரம் போடுங்க. லோன் இருக்கற வண்டிய நாட்டை விட்டு அனுப்பினா பல நாட்டுல குற்றம்.

வரி, தடைன்னு ஏதாவது இருக்கா?

தனி ஆள் பழைய காரை விக்கறதுக்கு பொதுவா வாட் கிடையாது. ஐரோப்பிய யூனியனுக்குள்ள ஒரு விதிவிலக்கு: முதல் பயன்பாட்டுல இருந்து 6 மாசம் தாண்டாத வண்டி, இல்லன்னா 6,000 கிலோமீட்டருக்கு மேல ஓடாத வண்டி, ரெண்டுல ஒண்ணு இருந்தாலே அது "புது" வண்டி, போய்ச் சேர்ற நாட்டுல வாட் கட்டணும். தடையும் பாக்கணும். 2023 ஜூன்ல இருந்து ஐரோப்பிய யூனியன்ல இருந்து 1,900 சிசிக்கு மேல இருக்கற கார், எலக்ட்ரிக், ஹைபிரிட் எதுவும் ரஷ்யாவுக்குப் போகக் கூடாது. வாங்கறவர் பக்கத்து நாட்டு முகவரி கொடுத்துட்டு அங்க அனுப்பறாருன்னு சந்தேகம் வந்தா விலகிக்குங்க, இந்தத் தடை தனி ஆளுக்கும் உண்டு.

வண்டிக்குள்ள என்னோட டேட்டா?

பாக்டரி ரீசெட் பண்ணுங்க. நேவிகேஷன்ல வீட்டு முகவரி, போன்ல இருந்து ஏறின கான்டாக்ட், கேட் ரிமோட், டேஷ்கேம் கார்டு, டோல் ஸ்டிக்கர் எல்லாம் போகணும். கம்பெனி ஆப்ல இருந்து காரை நீக்குங்க, உங்க போன்ல இருந்து அந்த வண்டி எங்க நிக்குதுன்னு தெரிஞ்சா வாங்கினவருக்கும் நியாயமில்ல.

வித்து மாசக்கணக்கு ஆச்சு, இப்ப வேற நாட்டுல இருந்து அபராத நோட்டீஸ் வந்திருக்கு!

குப்பையில போடாதீங்க, பணமும் கட்டிடாதீங்க. முதல்ல நோட்டீஸ் உண்மையான்னு அந்த அதிகாரிகளோட சொந்த சைட்ல போயிப் பாருங்க, ஏன்னா போலி நோட்டீஸும் வருது. உண்மைன்னா அதுல போட்டிருக்கற கெடுவுக்குள்ள எழுதணும்: கைமாறின தேதி, மணி, ஒப்பந்த காப்பி, பதிவு ரத்தான பேப்பர், வாங்கினவர் பேர் முகவரி. பெரும்பாலும் இதோட அவர் பேருக்கு மாத்திடுவாங்க. உங்க நாட்டு பதிவு அலுவலகத்துலயும் வண்டி இன்னும் உங்க பேர்ல காட்டுதான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. இந்தப் பேப்பர் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி சில வருஷமாவது வச்சிருங்க, வெளிநாட்டு நோட்டீஸ் சாவகாசமாத்தான் வரும்.